இரண்டாவது தோழி

நாடக நாள் வந்தேவிட்டது. போன வாரம் கிராணி நவரட்ணத்துக்குக் கட்டிக்கொண்ட தொண்டை திறந்துவிட்டது. மீசையை எடுக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த வீரமுத்துவும் மழமழவென்று சிரைத்துக்கொண்டு வந்து நின்றான். சரியாகாமல் கிடந்தது மனோரஞ்சிதத்தின் மனம் ஒன்றுதான்.

இந்த வாரம் புதிதாகக் கதைக்குள் வருகிறவர்களுக்காக அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மனோரஞ்சிதமும் கனகாம்பிகையும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் பள்ளிக்கூடம் போக மாட்டாள். மலாக்காவில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அண்ணன் நவரட்ணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றதும் வீட்டில் கனகத்தின் பெயரை முதலில் சொன்னவளே மனோரஞ்சிதம்தான். சிநேகிதி அண்ணியாகிவிட்டால் பிரிய வேண்டியதில்லை பாருங்கள்!

கணக்கு தப்பிவிட்டது. தாலி ஏறியதும் கனகம் கப்பல் ஏறிவிட்டாள். நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்ள மனோரஞ்சிதம் ஊரிலேயே நின்றுவிட்டாள். தாய் காலமான பிறகு, இந்த வருஷத் தொடக்கத்தில்தான் அவளும் பாயா ரும்புட் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வந்து பார்த்தால் அவளுடைய இடத்தில் மைமூன் உட்கார்ந்திருந்தாள்.

மைமூன், தோட்டத்து முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருக்கும் நைனா முகம்மதுவின் மனைவி. பாட்டன் காலத்திலிருந்தே மலாக்காக்காரி. கிராணி வீட்டு அடுப்படிக்குள் கதவைத் தட்டாமல் நுழைகிற ஒரே வெளி மனுஷி. கனகத்துக்கு எந்த நேரத்தில் தலைவலி வரும், எந்தக் குழம்பு பிடிக்காது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனோரஞ்சிதத்துக்குத் தெரிந்ததோ பள்ளிக்கூடத்துக் கனகம். அந்தக் கனகத்துக்கு வெண்டைக்காய் பிடிக்கும். இந்தக் கனகம் வெண்டைக்காயைத் தொடுவதில்லை. இதுகூட மைமூன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது என்றால் எரியுமா, எரியாதா?

இன்று காலையிலும் எரிந்தது.

"கனகம், முன் வரிசையில ரெண்டு கதிரை எங்களுக்கெண்டு போடச் சொல்லியிருக்கிறன். துரைக்குப் பக்கத்தில. பக்கத்துப் பக்கத்தில இருந்து பாப்பம், என்ன?" என்றாள் மனோரஞ்சிதம், தேங்காய் துருவிக்கொண்டே.

கனகம் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "நான் மைமூனோட வண்டியில இருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன் மனோ. அவ ஆம்பிளையளுக்கு முன்னால வந்து கதிரையில இருக்கமாட்டா. கூண்டு வண்டியை ஓரமா நிப்பாட்டி உள்ளுக்கு இருந்துதான் பாப்பா. தனிய இருப்பா, பாவம்."

"அப்ப நான்?"

"நீ கதிரையில இரன். இல்லாட்டி நீயும் வண்டிக்கு வா. மூண்டு பேரும் நெருக்கிக்கொண்டு இருக்கலாம்."

'இல்லாட்டி நீயும்' என்ற அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'நீயும்' என்கிறாளே!

"எனக்கு நெருக்குப்பட்டு இருக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு மனோரஞ்சிதம் தேங்காய்க்குப் பதிலாகத் தன் விரலைத் துருவிக்கொண்டாள்.

கனகம் பதறிப்போய் விரலைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினாள். மனோரஞ்சிதத்துக்கு விரல் எரிந்தது. ஆனாலும் கனகம் பிடித்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகவும் இருந்தது. அவள் உள்ளுக்குள் இப்படித்தான். காயம் பட்டால்தான் கவனிப்பார்கள் என்று ஆகிவிட்டால் மனுஷி என்ன செய்வாள்?

நாடகத்தின் பெயர் 'மெய்த்தோழி'. எழுதியவர் நவரட்ணம். ஓர் இளவரசி, அவளுக்காக உயிரையும் கொடுக்கிற ஒரு தோழி. கதை இவ்வளவுதான். பள்ளிக்கூட நாட்களைப் பற்றித் தங்கை சொன்னதையெல்லாம் வைத்துத்தான் அவர் அந்தத் தோழியை எழுதினார். எழுதியவரையில் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது தோழியை உள்ளே கொண்டுவந்தது மனோரஞ்சிதம்.

"அண்ணை, எல்லாரும் நல்லவையாயே இருந்தால் ஆர் பாக்கப்போயினம்? இடையில ஒரு பொய்த்தோழி வரட்டும். தேனாய்க் கதைச்சு இளவரசியை மயக்கி, அவளின்ரை மோதிரத்தைக் களவெடுக்கட்டும். கடைசியில மெய்த்தோழி அவளைக் காட்டிக் குடுக்கட்டும்."

நவரட்ணம் தொடையில் தட்டி, "நல்லாயிருக்கு பிள்ளை!" என்றார். அவருக்கு நாடகம் ஓடினால் போதும். யாரை மனத்தில் வைத்துத் தங்கை சொல்கிறாள் என்று அவர் யோசிக்கவே இல்லை. கெட்டிக்காரக் கிராணி. ஆயிரம் மரத்தில் எது பால் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுவார். தன் வீட்டுக்குள் என்ன புகைகிறது என்று மட்டும் அவர் மூக்குக்குத் தெரியாது.

பொய்த்தோழி வேஷம் வீரமுத்துவுக்கு. பால்மரம் சீவுகிறவன், ஒல்லியான ஆள், பெண் வேஷம் கட்டினால் அவன் மனைவி மீனம்மாவே ஒரு கணம் திகைப்பாள். அவனுக்கு நடை, பேச்சு, கை அசைவு எல்லாம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை மனோரஞ்சிதம் தானாக ஏற்றுக்கொண்டாள். மைமூன் முக்காட்டை எப்படி இழுத்துவிடுவாள், எப்படிப் பக்கவாட்டில் சாய்ந்து நடப்பாள், 'என் ராசாத்தி' என்று எப்படி இழுப்பாள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தாள். மாதக் கணக்காக அவளையே பார்த்துக்கொண்டிருந்தவள் அல்லவா? பொறாமைப்படுகிறவளைப்போல இன்னொருத்தியைக் கவனித்துப் பார்க்க யாரால் முடியும்!

மத்தியானம் வீரமுத்து சேலை வாங்கிக்கொள்ளப் பின்பக்கம் வந்தான்.

"அம்மா, ஒரு சந்தேகம். இளவரசி அழுவுற எடத்துல நான் அவுங்க தலைய மடியில வச்சிக்கிறேன்ல, அதுக்கப்புறம் என்னா?"

மனோரஞ்சிதம் சேலையை மடித்துக்கொண்டே நின்றாள்.

அந்த இடத்தை அவள் கற்பனை செய்யவில்லை. கண்ணால் கண்டது. கனகத்துக்கு வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போன நாள். மனோரஞ்சிதம் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்தபோது, அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கனகத்தின் தலை மைமூனின் மடியில் இருந்தது. மைமூன் உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கி அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். "அழு புள்ளே, நல்லா அழு. யாரு கணக்குப் பாக்குறா?" என்றாள். இடையில் கனகம் 'மனோ' என்றது காதில் விழுந்தது. சரி, தன்னைப் பற்றி ஏதோ குறை சொல்லி ஆற்றிக்கொள்கிறார்கள் என்று மனோரஞ்சிதம் எடுத்துக்கொண்டாள். அப்போது மைமூனின் இடது கை மெதுவாக எதையோ எடுத்துத் தன் தொடைக்கடியில் தள்ளி மறைத்தது. அதையும் பார்த்தாள்.

வெந்நீரோடு அவள் திரும்பிவிட்டாள்.

மறுநாள் கனகத்தின் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா என்றால், இல்லை, கூடிப்போயிற்று.

"என்னம்மா யோசிக்கிறீங்க? வேணாம்னா விட்டுறலாம்லா. சும்மா தலைய தடவிட்டு மோதிரத்த உருவிக்கிறேன்" என்றான் வீரமுத்து.

விட்டுவிடலாம்தான். அவள் வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் வாசலில் மாட்டுச் சலங்கைச் சத்தம் கேட்டது. மைமூனின் வண்டி. புதுச் சேலை கட்டிய கனகம் சிறுபிள்ளைபோல ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். உள்ளிருந்து இருவரின் சிரிப்பும் கேட்டது.

"சொல்லித் தந்த மாதிரியே செய்" என்றாள் மனோரஞ்சிதம். "கையைத் தேய்ச்சுக் கன்னத்தில வை. அந்த வார்த்தையையும் சொல்லு. இடக்கையால மோதிரத்தைத் தொடைக்குக் கீழ ஒளி. ஒண்டும் விடாதை."

விடிந்தால் மரம் சீவப் போக வேண்டியவர்கள் என்பதால் இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். மூன்று மணிக்கே ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோருக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நாற்காலிகள், துரைக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும். பின்னால் பாய்கள், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களுக்கு. ரம்புத்தான் மரத்தடியில் கூண்டு வண்டி, மாட்டை அவிழ்த்துவிட்டு, பின்படுதாவை மேடைப் பக்கம் தூக்கிக் கட்டி நின்றது. மனோரஞ்சிதம் தன் பக்கத்து நாற்காலியில் விசிறியை வைத்து யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டாள். கனகம் மனம் மாறி வந்தாலும் வருவாள் என்று ஓர் ஆசை.

திரை விலகியது. இளவரசியாக மணியம் வாத்தியார் வந்தார். கைதட்டல். மெய்த்தோழியாக முனியாண்டி வந்தான். அதற்கும் கைதட்டல். அடுத்து, முக்காட்டைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வீரமுத்து வந்தான்.

பாய்களிலிருந்து ஒரே ஆரவாரம்.

"அடியே, நம்ம கடையம்மாடி!"

"அதே நடை! அதே நடைலா!"

மனோரஞ்சிதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டியை ஓரக்கண்ணால் பார்த்தாள். மைமூன் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கனகமும் சிரித்தாள். கோபமே இல்லை. சரி, இப்போது சிரியுங்கள், அடுத்த காட்சியில் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த காட்சி. தகப்பன் ஏசியதால் இளவரசி அழுகிறாள். பொய்த்தோழி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். வீரமுத்து உள்ளங்கை இரண்டையும் தேய்த்தான். மெதுவாக இளவரசியின் கன்னத்தில் வைத்தான்.

"அழு புள்ளே, நல்லா அழு. யாரு கணக்குப் பாக்குறா?"

பாய்களில் சத்தம் அடங்கிப்போயிற்று. ஆர்மோனியக்காரர்கூட நிறுத்திவிட்டார். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்தக் கையை அறியாத வீடு லயத்தில் இல்லை. பிரசவமோ சாவோ, கடையம்மா வந்து உட்கார்ந்திருக்கிறாள். மனோரஞ்சிதம் இதையெல்லாம் யாரிடம் கேட்டாள், தெரிந்துகொள்ள? கனகத்தின் வீட்டுக்குள் வருகிற மைமூனைத்தான் அவள் பார்த்தாள். மற்ற வீடுகளுக்குப் போகிற மைமூனைப் பார்க்கவில்லை.

வீரமுத்துவின் இடது கை இளவரசியின் மோதிரத்தை உருவித் தொடைக்குக் கீழே தள்ளியது. அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. எல்லாருடைய கண்ணும் வலது கையில்தான் இருந்தது.

திடுதிடுவென்று மெய்த்தோழி முனியாண்டி நுழைந்தான். "அடி வஞ்சகி! என் உயிர்த்தோழியைத் தொடாதே! இவள் என்னுடையவள்!"

"டேய், சும்மா இருடா!" என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

"புள்ள அழுவுது, இவ என்னா குறுக்க வந்து கத்துறா?" என்று மீனம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "போ அந்தாண்ட! நீ எங்க போயிருந்த இந்நேரம் வரைக்கும்? தோழியாம் தோழி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மனோரஞ்சிதத்துக்கு அந்தச் சிரிப்பு தன் முகத்தில் விழுந்ததுபோல இருந்தது. 'என்னுடையவள்' என்ற வசனம் அவள் சொல்லி அண்ணன் எழுதியது. முனியாண்டி வசனத்தை மறந்து விழித்தான். பக்கத்திரையிலிருந்து நவரட்ணம் தலையை நீட்டி, "மோதிரம்! மோதிரம்!" என்று கையை ஆட்டினார். வீரமுத்து கூட்டத்தைப் பார்த்தான், கிராணியைப் பார்த்தான். கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே தொடைக்கடியிலிருந்து மோதிரத்தை எடுத்து இளவரசியின் விரலில் திரும்பப் போட்டுவிட்டான்.

விசில் பறந்தது. துரைகூடக் கைதட்டினார். கதை என்னவாயிற்று என்று அவருக்கு யார் சொல்வது! நவரட்ணம் தலையில் கை வைத்துக்கொண்டு திரையை இறக்கச் சொன்னார்.

மனோரஞ்சிதம் வண்டியைப் பார்த்தாள்.

அங்கே சிரிப்பு இல்லை. மைமூன் கனகத்தின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். கனகம் இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினாள், மறுபடியும் ஆட்டினாள். மைமூன் கையை எடுத்துப் படுதாவின் கட்டை அவிழ்த்துவிட்டாள். படுதா விழுந்து உள்ளே இருந்தவர்களை மறைத்தது.

சிறிது நேரத்தில் கனகம் மட்டும் இறங்கினாள். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டினான். வண்டி ரம்புத்தான் மரத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் ஏறிவிட்டது.

மனோரஞ்சிதம் விரும்பியது நடந்துவிட்டது. மைமூன் போகிறாள், கனகம் இவளை நோக்கி நடந்து வருகிறாள். பக்கத்து நாற்காலியில் இருந்த விசிறியைக்கூட எடுத்து இடம் பண்ணினாள் பாவி. ஆனால் கனகத்தின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நிற்கத்தான் தோன்றியது.

"வீரமுத்துவுக்கு இதை ஆர் சொல்லிக் குடுத்தது?"

"எதை?"

"அழு புள்ளே எண்டதை. அந்தச் சொல் மைமூன் எனக்கெண்டு மட்டும் சொன்னது, அந்த நேரம் அறைக்குள்ள நாங்கள் ரெண்டு பேர்தான். நீ கதவடியில நிண்டனி, என்ன?"

மனோரஞ்சிதத்துக்குத் தப்பிக்க ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. "ஓம், நிண்டனான். நல்ல வேளையா நிண்டனான். அவ உனக்குத் தெரியாமல் எதையோ எடுத்து ஒளிச்சவ. என்ரை கண்ணால கண்டனான். நீ என்ன எண்டாலும் நினை, அவ கள்ளி."

கனகம் அவளையே பார்த்தாள். கத்துவாள் என்று மனோரஞ்சிதம் எதிர்பார்த்தாள். கனகம் கத்தவில்லை.

"ஒளிச்சவதான். பிள்ளைக்கெண்டு நான் தைச்சு வைச்ச தொப்பி. தலையணைக்குப் பக்கத்தில கிடந்தது. கண்ணில பட்டால் இன்னும் அழுவன் எண்டு ஒளிச்சவ. பிறகு எனக்குச் சொல்லித்தான் கொண்டுபோனவ."

மேடையில் ஆர்மோனியம் மறுபடி தொடங்கியது. யாரோ அடுத்த பாட்டைக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள்.

"நான்தான் உங்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சனான் எண்டு நினைச்சுக்கொண்டு போறா" என்றாள் கனகம். "நான் இல்லையெண்டு சத்தியம் பண்ணினனான். நம்பேல்லை. எப்பிடி நம்புவா? நான் சொல்லாமல் அது எப்பிடி மேடைக்கு வந்தது?"

"நான் இப்பவே போறன். அவவின்ரை காலைப் பிடிச்செண்டாலும் சொல்லிப்போட்டு வாறன்."

"என்னெண்டு சொல்லுவாய்? கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான் எண்டோ?"

மனோரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். ரோட்டின் வளைவில் வண்டி மறைந்துகொண்டிருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். கால் நகரவில்லை.

கனகத்தின் கண்கள் நிறைந்துவிட்டன.

"வெந்நீர் வைக்கப் போனவளை இன்னும் காணேல்லையே எண்டு அண்டைக்கு அழுதழுது கூப்பிட்டனான். மனோ, மனோ எண்டு கூப்பிட்டனான். மைமூன்ரை பேரை நான் ஒருக்காலும் சொல்லேல்லை. உன்னைத்தான் கூப்பிட்டனான். கதவடியில நிண்டனியே, ஏனடி உள்ளுக்கு வரேல்லை?"